பரிவட்டமும் சும்மாடும்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் காலை. காப்பியை ஆற்றிக்கொண்டே பத்திரிகையைப் பிரித்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் கையில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தாம்பாளம். கலியாணப் பத்திரிகையாக்கும் என்று எண்ணி எழுந்து நின்றேன்.

கலியாணம் அல்ல, சண்டை. வந்தவர்கள் என் தாயார் பிறந்த ஊர்க்காரர்கள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலையை விட்டு விலகி, ஏரிக்கரையோடு கொஞ்ச தூரம் போனால் அந்த ஊர். பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் சொல்லாவிட்டாலும், இந்தக் கதை தங்கள் ஊர்க் கதைதான் என்று எண்ணப் போகிற வாசகர்கள் அநேகம் பேர் இருப்பார்கள்.

அந்த ஊர்ப் பெருமாள் கோவிலில் இரண்டு வருஷமாகக் கருட சேவை நடக்கவில்லை. காரணம், முதல் பரிவட்டம் யார் தலையில் என்பதுதான். மேலத்தெருப் பெரிய வீட்டார் தங்களுக்கு என்கிறார்கள். கீழத்தெருப் பெரிய வீட்டார் தங்கள் பாட்டனாருக்குக் கட்டினார்கள் என்கிறார்கள். வட்டாட்சியர் சமாதானக் கூட்டம் போட்டார். போலீஸ் வந்து நின்றது. கருடன் மட்டும் வாகன மண்டபத்தில் தூசி படிந்து நிற்கிறான்.

"மருமவனே, நீங்க ரெண்டு பக்கமும் சேராதவரு. நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதறவரு. இந்த வருஷம் உங்க தலையில கட்டிடறோம். ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டான். சாமியும் புறப்பட்டுடும்" என்றார் தாம்பாளம் கொண்டுவந்த பெரியவர். உறவு முறையில் எனக்கு மாமா.

சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்? எழுதிப் பிழைக்கிறவன் தலையில் பட்டுத் துணி ஏறுவது தினம் நடக்கிற காரியமா? ஒரு நிமிஷம் கண்ணாடியில் என் முகத்தைக்கூட நினைத்துப் பார்த்துக்கொண்டேன். பிறகுதான் எனக்கு வேறொரு தலை நினைவுக்கு வந்தது.

2015-ஆம் வருஷத்துப் பெருமழையில் இந்த ஜில்லாவின் ஏரிகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அப்போது நான் அந்த ஊரில்தான் அகப்பட்டுக்கொண்டிருந்தேன். இரவு முழுவதும் கரையில் நின்றவர் மதகு திறக்கிற கிழவர் ஒருவர். எந்தக் கண்ணை எப்போது திறந்தால் கரை நிற்கும் என்பது அந்த ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மார்பளவு தண்ணீரில் இறங்கி மதகை விட்டார். மணல் மூட்டைகளை எங்கே போடவேண்டும் என்று கத்திக் கத்திச் சொன்னார். அவர் தலையில் ஒரு பழைய துண்டு, மழைக்காகக் கட்டியது. விடியும்போது ஊர் இருந்தது. மேலத்தெருவும் இருந்தது, கீழத்தெருவும் இருந்தது.

"மாமா, மூன்றாவது மனிதர்தானே வேண்டும்? மதகுக்காரர் தலையில் கட்டிவிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

நாலு பேரில் ஒருவர் சிரித்தார், நான் வேடிக்கை பேசுகிறேன் என்று. மாமா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் ஆகிற காரியமா, மருமவனே?" என்றார்.

"அப்படியானால் இதுவும் ஆகிற காரியம் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் காப்பி குடிக்காமல் எழுந்துபோனார்கள். பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஊர் ஒற்றுமைக்கு உதவாத எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டதாக அதில் எழுதியிருந்தார்கள்.

தலைக்கனம் யாருக்கு என்று கொஞ்சம் விசாரிப்போம்.

பரிவட்டம் என்பது என்ன? ஸ்வாமியின் திருமேனியில் சாத்திய துணி. அதை எடுத்து ஒரு மனிதனின் தலையைச் சுற்றிக் கட்டுகிறார்கள். ஆண்டவன் உடுத்துக் களைந்ததை அடியவன் தலையில் தாங்குகிறான். 'நான் உன் மிச்சத்தில் வாழ்கிறவன்' என்று சொல்லாமல் சொல்கிற அடையாளம் அது. எத்தனை அழகான எண்ணம்! இந்த எண்ணத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அடிமை என்று சொல்லிக்கொள்வதற்காக ஏற்பட்ட துணி, 'இந்த ஊரில் நான்தான் எஜமான்' என்று பறைசாற்றும் துணியாக எப்படி மாறிற்று? தலை வணங்க வைக்க வந்தது தலை நிமிர்த்திக்கொள்ள உதவுகிறதென்றால், பழுது துணியில் இல்லை.

அதே பெருமாள் கோவிலில், அதே பட்டாசாரியார் கையில், தலைக்கு வைக்கிற இன்னொரு பொருளும் இருக்கிறது. சடாரி. பெருமாளின் திருவடிகள் பொறித்த மகுடம் அது. சடகோபன் என்ற நம்மாழ்வாரின் பெயரைத் தாங்கியது. நம்மாழ்வார் வேளாளர் குலத்தில் பிறந்தவர் என்பது சம்பிரதாயம். அவரையே பெருமாளின் திருவடியாகப் பாவித்து, அந்தத் திருவடியைச் சந்நிதிக்கு வருகிற அத்தனை பேர் தலையிலும் வைக்கிறார்கள். கலெக்டர் வந்தாலும் ஒரு விநாடி, கூடைக்காரி வந்தாலும் ஒரு விநாடி. மகுடம் ஒன்று, தலைகள் ஆயிரம். யாருக்கு முதல் சடாரி என்று ஓர் ஊரில் தேர் நின்றுபோனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரே சந்நிதியில் சடாரி எல்லோரையும் ஒன்றாக்குகிறது; பரிவட்டம் ஒருவரைப் பிரித்து மேலே தூக்குகிறது. நம் ஜனங்கள் சண்டை போட்டுக்கொள்வது எதற்காக? பிரிக்கிற துணிக்காகத்தான்.

'இது பரம்பரை உரிமை, தலைமுறை தலைமுறையாக வந்தது' என்கிறார்கள். சட்டமும் இந்தத் துணிக்குச் சற்று இடம் கொடுத்துத்தான் வைத்திருக்கிறது. 1959-ஆம் வருஷத்து இந்து அறநிலையச் சட்டத்தின் 63-ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். ஒரு கோவிலில் வழக்கத்தினாலோ வேறு வகையாலோ மரியாதை பெறும் உரிமை ஒருவருக்கு உண்டா என்று விசாரித்து முடிவு சொல்வதை அதிகாரிகளின் வேலைகளில் ஒன்றாக அங்கே வைத்திருக்கிறார்கள். ஒரு முழத் துணிக்காக விசாரணை, அப்பீல், அதற்கு மேல் கோர்ட்டு! கட்சிக்காரர்கள் வக்கீல்களுக்குக் கொடுத்த பணத்தில் அந்தக் கோவிலுக்குப் புதுத் தேரே செய்திருக்கலாம்.

சரி, பரம்பரை என்றே வைத்துக்கொள்வோம். சந்நிதிக்குள் நின்று அந்தத் துணியைக் கட்டுகிறாரே அர்ச்சகர், அவருடைய பதவிக்கே பரம்பரை உரிமை கிடையாது என்று தமிழ்நாட்டில் 1971-ல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. 1972-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. கட்டுகிற கைக்கு இல்லாத பரம்பரை, கட்டிக்கொள்கிற தலைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

'மரியாதை என்பது வெறும் பகட்டல்ல. ஊரின் ஒழுங்கே அதில் இருக்கிறது' என்று இன்னொரு வாதம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தென்னாட்டுக் கோவில்களை ஆராய்ந்த அர்ஜுன் அப்பாதுரை போன்ற அறிஞர்கள், கோவில் மரியாதைகள் அலங்காரம் அல்ல என்றும், கோவிலில் யாருக்கு என்ன பங்கு என்பதையே அவைதான் நிலைநாட்டுகின்றன என்றும் எழுதியிருக்கிறார்கள். வாஸ்தவம். கொடுத்தவனையும் உழைத்தவனையும் ஊர் மறக்காமலிருக்க ஏதோ ஓர் அடையாளம் வேண்டும்தான். ஆகவே கேள்வி அடையாளம் வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல. எதற்காகக் கொடுத்தார்கள், இப்போது எதற்காகக் கேட்கிறார்கள் என்பதுதான்.

மதுராந்தகம் ஏரிக்கரையில் கோவில் கொண்டிருக்கும் ராமபிரானுக்கு என்ன பெயர்? 'ஏரி காத்த ராமர்.' கும்பினி ஆட்சியில் இந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த லியனல் பிளேஸ் துரை, கரை உடையும் என்று பயந்து மழை இரவில் போய்ப் பார்த்தபோது, வில்லேந்திய இருவர் கரையில் காவல் நிற்கக் கண்டாராம். அதன் பிறகு தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தாராம். கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் கவனிப்பது வேறு. அயோத்தி அரசன், சக்கரவர்த்தித் திருமகன் என்றெல்லாம் எத்தனையோ பட்டம் இருக்க, எங்கள் ஜில்லா ஜனங்கள் தங்கள் ராமனுக்குக் கொடுத்த மரியாதை, 'கரையில் நின்றவன்' என்பதுதான். தெய்வத்துக்கே வேலையைப் பார்த்துத்தான் பட்டம் கட்டியிருக்கிறார்கள்! மனிதனுக்கு மட்டும் தெருவைப் பார்த்துக் கட்டுவானேன்?

இந்தக் கேள்விக்குக் கடல் கடந்து ஒரு பதிலும் படித்தேன். ஆப்பிரிக்காவின் நடுவே, காங்கோ நாட்டின் கிழக்குக் காடுகளில் லேகா என்ற ஜனங்கள் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பெல்ஜிய மானிடவியலார் ஒருவர் 1973-ல் பெரிய நூல் வெளியிட்டிருக்கிறார். 'ப்வாமி' என்பது அவர்களுடைய சங்கம். அதில் பல படிகள். படிக்குத் தக்கபடி தலையணி. உச்சிப் படியில் இருப்பவர்களுக்கு 'கிண்டி' என்று பெயர். அவர்கள் தொப்பியில் சோழிகளை வரிசையாகத் தைத்து, உச்சியில் யானை வால் மயிரைக் குச்சமாக வைத்திருப்பார்கள். தொப்பியைப் பார்த்தவுடனே ஆளின் படி தெரிந்துவிடும். ஆனால் தகப்பன் கிண்டி என்பதற்காக மகன் தலையில் சோழித் தொப்பி ஏறிவிடாது. அவன் அடிப்படியிலிருந்து ஏறி வரவேண்டும். பழமொழிகளைக் கற்க வேண்டும். அடக்கமும் நிதானமும் உள்ளவன் என்று உற்றார் ஒப்புக்கொள்ள வேண்டும். பெண்களுக்கும் அந்தச் சங்கத்தில் படிகள் உண்டு. அங்கேயும் பொருள் செலவில்லாமல் படி ஏற முடியாது. அவர்கள் தேவர்கள் அல்ல, நம்மைப் போல மனிதர்கள்தான். என்றாலும் தொப்பியைப் பார்த்து 'இவன் யார் பிள்ளை?' என்று கேட்பதற்கு முன்னால், 'இவன் எப்படிப்பட்டவன்?' என்று கேட்கத் தெரிந்தவர்கள். பெல்ஜிய ஆட்சி 1948-ல் அந்தச் சங்கத்துக்குத் தடை போட்டது.

காட்டு ஜனங்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறவர்கள் கண்ட நியாயம் இது. நாகரிகம் முற்றிய நம்முடைய நியாயம் என்ன? பிறர் தலையின்மேல்தான் நமக்கு எப்போதும் கண். 1930-ஆம் வருஷம் டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கம் செலுத்திய சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கமும் வெள்ளியும் அணியக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை போடக் கூடாது. அவற்றோடு, தலைமயிரைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது! ஒருவன் தன் தலைக்குமேல் ஒரு நிழலை வைத்துக்கொள்வதும் குற்றம்.

அதே சமயத்தில் இலண்டனில் வட்டமேஜை மாநாடு நடந்துகொண்டிருந்தது. அதில் டாக்டர் அம்பேத்கரோடு தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதியாகப் போயிருந்தவர் எங்கள் ஜில்லாக்காரர். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1924-ல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர். அவருடைய படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கோட்டு, அதன்மேல் எடுப்பான தலைப்பாகை. அந்தத் தலைப்பாகையை எந்தக் கோவில் வாசலிலும் எவரும் அவருக்குக் கட்டிவிடவில்லை. தாமாகக் கட்டிக்கொண்டார். அதனால்தான் அதை எவராலும் அவிழ்க்கவும் முடியவில்லை.

இனி, என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஊரைக் குறை சொல்கிறவன் தன் தலையைக் காட்டாமல் இருப்பது நியாயமில்லை.

எங்கள் பக்கத்தில் குடும்பத்தைக் 'குடும்பம்' என்று எண்ணுவதில்லை. 'தலைக்கட்டு' என்றுதான் எண்ணுவார்கள். திருவிழா வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான் விதிப்பார்கள். வரி வாங்கினால் நீ ஊரில் ஒருவன். வாங்க மறுத்தால் உன்னை விலக்கி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். தகப்பன் இறந்தால், கருமாதியன்று தாய்மாமன் மகன் தலையில் துணி கட்டுவார். அன்றிலிருந்து அவன் தலைக்கட்டு.

என் தகப்பனார் படுத்த படுக்கையாக ஒன்பது வருஷம் இருந்தார். அந்த ஒன்பது வருஷமும் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைத்தவள் என் அக்காள். கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். நான் சென்னையில் நாவல் எழுதிக்கொண்டிருந்தேன்; மாதாமாதம் பணம் அனுப்பினேன். பெண்களின் துன்பத்தைப் பற்றி மிகவும் உருக்கமாக எழுதுகிறேன் என்று அப்போது எனக்குப் பெயர். கருமாதியன்று என்னைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, மாமா என் தலையில் துணி கட்டினார். பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து மொய் வைத்தார்கள். தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. பந்திக்குத் தண்ணீர் வேண்டும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்காள் உள்ளே வந்தாள். அவள் தலையிலும் ஒரு துணி இருந்தது. பழைய புடவைக் கிழிசலைச் சுருட்டி வைத்த சும்மாடு, அதன்மேல் குடம்.

நான் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. 'இந்தத் துணியை அவள் தலையில் கட்டுங்கள்' என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு மேலத்தெருவும் கீழத்தெருவும் என் ஒருவனுக்குள்ளேயே இருந்தன. மாமா தாம்பாளத்தோடு வந்தபோது நான் மறுத்தேனே, அது வீரம் அல்ல, பழைய கடன்.

அவர்கள் திரும்பிப் போன அன்று மத்தியானம் மனம் சரியில்லாமல் மாமல்லபுரத்துக்குப் போனேன். ஆதிவராகர் குகையில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர் பொறித்த இரண்டு பல்லவ அரசர்கள் தேவிமாரோடு இருக்கிறார்கள். தலையில் உயரமான கிரீடங்கள். ஆனால் அதே ஊரில், பெரிய தபசுப் பாறையில், சிற்பி தவத்தின் பெருமையைக் கிரீடத்துக்குக் கொடுக்கவில்லை. எலும்பு தெரிய, சடைமுடியோடு, ஒற்றைக் காலில் நிற்கிறானே ஒரு தவசி, அவனுக்கு முன்னால்தான் கடவுளையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். பக்கத்திலேயே முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்றையும், அதைச் சுற்றி எலிகளையும் செதுக்கி வைத்தானே, அந்தக் குறும்பை என்ன சொல்ல! பக்திமான்களாக முன்வரிசையில் நிற்கும் எல்லோரும் பக்திமான்கள் அல்லர் என்பது ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி.

கொஞ்சம் தள்ளிக் கிருஷ்ண மண்டபம். கண்ணன் மலையைத் தாங்குகிறான். அவனைச் சுற்றி ஆயர்பாடி தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. ஒருவன் பால் கறக்கிறான். ஒரு பெண் தலையில் சுமையோடு வருகிறாள். கண்ணன் கைமேல் மலை, அவள் தலைமேல் சுமை. இரண்டையும் ஒரே பாறையில், ஒரே உளியால் செதுக்கியிருக்கிறார்கள்.

வெளியே கடற்கரைச் சாலையில் மீன்கூடையோடு ஒரு கிழவி போய்க்கொண்டிருந்தாள். கூடையை இறக்கக் கை கொடுத்தேன். தலையிலிருந்து சும்மாட்டை எடுத்து, உதறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சுருட்டி வைத்தாள். பரிவட்டமும் துணிதான்; சும்மாடும் துணிதான். ஒன்று சுமக்காத தலைக்கு. ஒன்று சுமக்கிற தலைக்கு. எந்தத் துணிக்கு முதல் மரியாதை என்று எந்த அதிகாரியிடம் மனுப் போடுவது?

மாமாவுக்கும் ஊராருக்கும் என் பதில் இதுதான். கருட சேவையை நடத்துங்கள். பரிவட்டம் கட்டத்தான் வேண்டுமென்றால், வருஷத்துக்கு ஒருவர் என்று வையுங்கள். அந்த வருஷம் ஊருக்கு உழைத்தவர் யார் என்று எல்லாத் தெருவும், காலனியும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். முதல் வருஷம் மதகுக்காரருக்கு. அடுத்த வருஷம் பெண்ணாக இருந்தால், அவள் தலையிலும் அந்தத் துணி நிற்கும். குடமே நின்ற தலை அது. இதற்கு மனம் வராவிட்டால், துணியைப் பெருமாளிடமே விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் சடாரி சாதிக்கச் சொல்லுங்கள்.

நான் அவசியம் வருகிறேன். வரிசையில் மதகுக்காரருக்குப் பின்னால் நிற்கிறேன். என் தலைக்கு அது போதும்.